கை வைக்காத வாரம்

சோப்புத்தூள் கம்பெனியில் அவருக்குத் திருகாணி என்றே பேர். அரைக்கிலோ பொட்டலம் நிரப்பும் மிஷினில் ஒரு திருகு உண்டு. வலப்பக்கம் திருப்பினால் தூள் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். ஒரு பொட்டலம் இரண்டு கிராம் குறைந்ததா, உடனே வலப்பக்கம் ஒரு திருப்பு. அடுத்தது கூடியதா, இடப்பக்கம் ஒரு திருப்பு. வாயில் சோறு இருக்கும்போதுகூட ஒரு கண் தராசின் மேல்தான். அப்படி ஒரு பொறுப்பு மனுஷனுக்கு!

அடுத்த ஷிப்டுக்காரன் நேர் எதிர், சரியான தூங்குமூஞ்சி. நாற்காலியில் சாய்ந்தால் சாய்ந்ததுதான். ஆனால் எடை தப்பித் திரும்பி வரும் பொட்டலங்கள் என்னவோ திருகாணியுடையவைதான். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்த வாரமும் இப்படியே வந்துச்சுன்னா, உன்னை மூட்டை தூக்கப் போட்டுடுவேன்." திருகாணியின் முதுகு இருக்கிற லட்சணத்துக்கு மூட்டை தூக்கினால் ஒரு மாதம் தாங்காது.

அவர் மனைவி அஞ்சல் வழியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். பாடத்துக்கு வேண்டும் என்று இரண்டு ஷிப்டு எடைகளையும் கேட்டு வாங்கிப் படமாக வரைந்தாள். தூங்குமூஞ்சியின் பொட்டலங்கள் அரைக்கிலோவை ஒட்டிக் கூம்பாகக் குவிந்து நின்றன. இவருடையவை கவிழ்த்த தட்டு மாதிரி பரந்து கிடந்தன.

"அவனுது எப்படிடி நல்லா இருக்கும்? அவன் தூங்குறான்!"

"அதனாலதாங்க. எந்த மிஷினும் ஒண்ணு ரெண்டு கிராம் முன்னப்பின்னதான் போடும். நடுவுல நிறைய விழும், ஓரத்துல கொஞ்சமா விழும். அது அதோட இயல்பு. இதுக்குப் பேரே இயல்நிலைப் பரவல். அந்த ஆட்டத்துக்கெல்லாம் நீங்க திருகினா, அதோட ஆட்டத்தோட உங்க ஆட்டமும் சேர்ந்துக்குது."

"குறைஞ்சா கூட்டணும். இதுல என்ன தப்பு?"

"அடுத்ததும் குறையும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது அவருக்கு. கவனமாக இருந்தால் கெடுமாம், கண்டுகொள்ளாமல் விட்டால் நன்றாக வருமாம். இது எந்த ஊர் நியாயம்? ஆனாலும் மூட்டையை நினைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பொட்டலம் குறைந்தது. கை தானாகத் திருகுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டார். அடுத்தது கூடியது. ஐயோ, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? வேர்த்துக் கொட்டியது. அந்த வாரம் முழுக்க அதே அவஸ்தை.

வாரக் கடைசியில் ஒரு பொட்டலம்கூடத் திரும்பி வரவில்லை. மேனேஜர் தோளில் தட்டினார். "இப்பதான்யா அக்கறையா வேலை பார்க்கிறே. மிஷின் உனக்குத்தான்."

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"என்னாச்சுங்க? மூஞ்சியே சரியில்ல."

"மிஷின் எனக்குத்தானாம். நான் ஒண்ணுமே பண்ணலடி, அதைப் போய் அக்கறைங்கறார்." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா நான் பண்ணினது என்ன?"

அவள் வாயைத் திறந்தாள்.

"வேணாம், சொல்லாதே," என்றார்.