லென்ஸுக்கு இட்ட பொட்டு

அந்த லென்ஸின் நட்டநடுவில் சந்தனம் ஈரமாக இருந்தது, அதன் மேல் குங்குமம். ஆயுத பூசையன்று எங்கள் பாலிடெக்னிக் பட்டறையில் அதை முதலில் பார்த்தது நான்தான்.

லென்ஸ் என்றதும் சோடாபுட்டிக் கண்ணாடியை நினைக்க வேண்டாம். இயற்பியல் சார் வடிவமைத்தது, தபால் அட்டையைவிடக் கொஞ்சம் கனமான பிளாஸ்டிக் தகடு. ஒளியை வளைப்பது லென்ஸின் மேல்வளைவுதான், உள்ளே இருப்பதெல்லாம் வெறும் சுமை என்பார். அந்த வளைவை மட்டும் வளையம் வளையமாக நறுக்கி, தகட்டில் நுண்ணிய வரிகளாக இறக்கியிருந்தார். அது பலித்தால், கண்ணின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் கருவி ஒரு தோள்பைக்குள் அடங்கும். எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுக்கிறவர்கள் கூலியை விட்டுவிட்டுக் கண்ணைக் காட்ட அருப்புக்கோட்டைக்கு வர வேண்டியதில்லை. "மெல்லிசா இருந்தாத்தாம்மா பஸ்ஸுல போகும்" என்று, ஆய்வக உதவியாளராக இருந்த என்னிடம் ஓயாமல் சொல்வார். அவர் கண்ணையே சர்க்கரை நோய் தின்றுகொண்டிருந்தது. பார்வை முழுக்க மங்குவதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய அவசரம்.

இன்று நான் வேலை பார்க்கும் இடத்தில் அதைவிட மெல்லிய லென்ஸ்களைக் கணினியிலேயே வரைகிறோம். திருத்தத்துக்கு மேல் திருத்தம். சலித்துப் போகிறது. அலுப்பு முற்றும் நாளில் சார் நினைவு வரும், உனக்கென்ன கேடு என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

சார் கிறிஸ்தவர். பூசையன்று தன்னால் யாருக்கும் சங்கடம் வேண்டாமென்று முன்கூட்டியே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். தகட்டை லேத்தில் கடைந்து கொடுத்த அண்ணாச்சிதான் பொட்டு வைத்தவர். எல்லாச் சாமானுக்கும் வைத்துவிட்டு சாருடையதை மட்டும் ஒதுக்க அவருக்கு மனசு வரவில்லையாம். வரிக்குள் சந்தனம் இறங்கிவிட்டதே என்றேன். மனுஷன் பதறிப்போய், நான் தடுப்பதற்குள் துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்துத் துடைத்துவிட்டார். தின்னர் பிளாஸ்டிக்கை அரித்து, தகடு முழுக்க வெளுத்து, மறுபக்கம் தெரியாமல் போனது.

விடுமுறை முடிந்து வந்த சாரிடம் அண்ணாச்சியே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். சார் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அண்ணாச்சி அழுதுகொண்டே, பொட்டு வைத்தது, தின்னர் போட்டது, தகடு வெளுத்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"இன்னொண்ணு கடைஞ்சிருவோம் சார். நீங்க பக்கத்துல நின்னு பாத்துச் சொன்னாப் போதும்."

சார் தகட்டை மேசைமேல் வைத்தார்.

"வெளுத்துப்போச்சுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது, அண்ணாச்சி."