பெரிய கங்காணியின் கோட்டு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். துணியில் கோடு போட்டுப் பழகிய கை இது. எழுத்தின் கோணலையும் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதுளையில் என் தையல் கடைக்கு நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கூலியாட்களை வேலை வாங்கும் ஒரு சின்னக் கங்காணி வந்தார். ஒல்லி உடம்பு, பெரிய மீசை. பெரிய கங்காணி வேலை கிடைக்கப்போகிறது என்று முன்கூட்டியே கறுப்புக் கோட்டுத் தைக்கச் சொன்னார். அளவெடுக்கும்போதும் கையில் இல்லாத பிரம்பை வீசிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், தோட்டத் துரையின் பங்களா சமையற்காரரிடம் கேட்ட வெள்ளைக்காரக் கதையைச் சொன்னேன். அதிகார ஆசையில் ஒரு பிரபு பிசாசுக்குத் தன் உயிரையே எழுதிக்கொடுத்தான். கோட்டையில் இருந்து ஊரையே ஆட்டிவைத்தான். ஏழு வருஷம் முடிந்ததும் பிசாசு வந்து அவனைத் தூக்கிப் போனது.

பிரம்பு நின்றது.

“முழுசா ஏழு வருஷம் விட்டுவச்சிச்சா?”

“ஆமாங்க.”

“நல்ல பிசாசுங்க! நம்ம தொரை ஏழு மாசத்துல ஆள மாத்திருவாரு. கோட்டுக் கையை மட்டும் தாராளமா வைங்க, பிரம்பு வீசணும்.”

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. தைத்து வைத்த கோட்டை வாங்க அவர் வரவேயில்லை. எனக்கு அவரை நினைத்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

நேற்று அதைத் தூசி தட்டி நானே போட்டுப் பார்த்தேன். யாரையும் அதட்டியறியாத என் வலது கை, கண்ணாடி முன்னால் இல்லாத பிரம்பை வீசியது.

பதுளை, 1921 தை மாதம் பத்தாம் நாள்.