வளைவில் ஒரு டீக்கடை

போன ஞாயிற்றுக்கிழமை கடலோரமாக ஒரு சுற்று போய் வரலாம் என்று பிளான் போட்டேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி, அப்புறம் பழவேற்காடு. அங்கிருந்து தெற்கே காட்டுப்பள்ளி பக்கம் வளைந்து வளைந்து போகும் ரோடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

காரில் ஒரு சீட் காலி. பக்கத்து வீட்டு ரேவதியைக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி. எனக்குத் தயக்கம்.

ரேவதி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். பழவேற்காடு பக்கம் இறால் வாங்கப் போன அவள் கணவர் குமார், பைக்கில் அடிபட்டு இறந்தது அந்த ரோட்டில்தான். இரண்டு வருஷம் ஆகிறது. அவளிடம் போய் 'சூப்பர் ரோடு, வாம்மா' என்பதா?

மனைவி கேட்டே விட்டாள். ரேவதி என்னிடம் திரும்பினாள்.

"வரேண்ணா. ஆனா ஒரு எடத்துல வண்டிய நிறுத்தணும்."

"எங்கம்மா?"

"அன்னிக்கு அவர இன்னும் காணோமேன்னு நாந்தான் போன் போட்டேன். எடுத்தது யாரோ ஒரு அம்மா. ரோட்டு வளைவுல டீக்கடை வச்சிருக்கேன்னாங்க. அவங்கள ஒரு தபா பாக்கணும்."

பழவேற்காடு தாண்டியதும் கடல் தெரிந்தது. தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ரேவதி கண்ணாடிப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்...

ஒரு வளைவில் கீற்றுக் கொட்டகை. உள்ளே டீ ஆற்றிக்கொண்டு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர். ரேவதி தான் யாரென்று சொன்னாள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"நீயா கண்ணு?" அடுப்பை அணைத்தார். "ரெண்டு வருசமா மனசு கேக்கல. ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன். லேசான அடிதான், பேசிக்கினு கீறாரு, பதறாம வான்னு சொன்னேன். நீ போன் பண்றப்பவே அவரு போய்ட்டாரு கண்ணு. தனியா வரேன்னு சொன்ன... இன்னான்னு சொல்றது?"

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றாள் ரேவதி. "பஸ்ஸு புடிச்சி, ஆட்டோ புடிச்சி, வழியெல்லாம் அவரத் திட்டிக்கினே வந்தேன். பாத்ததும் இன்னா கேக்கணும்னு யோசிச்சிக்கினே வந்தேன். அவ்ளோ நேரம் அவரு எனக்கு உசுரோட இருந்தாரு. அது நீங்க குடுத்ததுதான்."

பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"கடைசில... தனியா கெடந்தாராம்மா?"

"இல்ல கண்ணு. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் என் மடியிலதான் இருந்தாரு."

ரேவதி அங்கேயே, மணலில் உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். என் மனைவி அடுப்பைப் பற்ற வைத்து, எல்லோருக்கும் டீ போட்டாள்.

பொய் சொல்லக் கூடாது என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த வாத்தியார் நான். கிளம்பும்போது அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.