‘நின்னுட்டா’ என்று ஒரு தகப்பன் சொன்னது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தேங்காய்ப்பட்டணத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போட்ட கை இது. இன்றைக்கு அதே கரையில் என் ஐஸ் கம்பெனிக்கு வழி கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். யாரும் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக் படிப்பு அங்கே இரண்டு வருடம். செய்முறைப் பயிற்சிக்குப் பிள்ளைகள் என் கம்பெனிக்குத்தான் வருவார்கள் என்பதால், ஆலோசனைக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். குழுவின் தலைவலி முதல் வருடத்துப் பிள்ளைகள். சேர்கிற அன்று உட்கார இடம் இருக்காது. மழைக்காலம் முடிவதற்குள் பாதி பெஞ்சு காலி. ஒருவன் கேரளாவுக்கு டைல்ஸ் ஒட்டப் போயிருப்பான், இன்னொருவன் கல்ஃப் விசாவுக்காக அலைந்துகொண்டிருப்பான். யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. படித்தவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். நான்தான் சொன்னேன், பிள்ளை வராவிட்டால் உடனே வீட்டுக்கு ஃபோன் போடுங்கள் என்று. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆசிரியை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தகப்பன் வள்ளத்தில் மீன் பிடிக்கிறவன். கம்ப்ரஸர் அறைக்குள் காதைப் பொத்தாமல் நுழைந்தவள் அவள் ஒருத்திதான். படிப்பு முடிந்ததும் என் கம்பெனிக்கு எடுத்துக்கொள்வது என்று அன்றைக்கே மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். அடுத்த பயிற்சிக்கு அவளைக் காணவில்லை.

“அந்தப் பொண்ணு படிப்பை விட்டாச்சுங்கய்யா,” என்றார் ஆசிரியை. “அப்பாவே ஃபோன்ல சொன்னார். பேரை அடிச்சுட்டோம்.”

மறுநாள் காலையில் துறைமுகத்துக்குப் போனேன். தகப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

“எதுக்குவே பிள்ளைய நிறுத்தின?”

“நான் எங்க மொதலாளி நிறுத்தினேன்? காலேஜ்காரங்கல்லியா பேர வெட்டிவிட்டது.”

“நீ ஃபோன்ல என்ன சொன்ன?”

“கொளச்சல்ல அவளுக்க மாமிக்கு ஆப்பரேசன். தொணைக்குப் போனவ அங்கேயே நின்னுட்டான்னு சொன்னேன். வள்ளத்துல எஞ்சின் சத்தம் வேற. அந்த டீச்சர் சரி சரின்னு ஃபோன வச்சிட்டாவ.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வீட்டில் போய்த் தங்கினால் நாங்கள் நின்றாள் என்றுதான் சொல்வோம். ஆசிரியைக்கு நின்றுவிட்டாள் என்றால் படிப்பை விட்டுவிட்டாள். கொளச்சல், மாமி, ஆப்பரேசன் எல்லாம் எஞ்சின் சத்தத்தில் போயிருக்கும். எங்கே நின்றாள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்தது. ஃபோன் போடச் சொன்னேனே தவிர, என்ன கேட்க வேண்டும் என்பதையும் நானே சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

மாமிக்கு உடம்பு தேறியதும் பெண் வகுப்புக்குப் போயிருக்கிறாள். வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அதோடு பேசாமல் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

கல்லூரிக்குப் போய் முதல்வரிடம் சத்தம் போட்டேன். திங்கட்கிழமைக்குள் வந்தால் மறுபடி சேர்க்கலாம், தாண்டினால் இந்த வருடம் போனதுதான் என்றார். அங்கிருந்து நேராக ஜவுளிக்கடை. சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, பேரு விளிக்கல்லன்னா எழும்பி ஏன்னு கேக்கப்பிடாதா?”

“எல்லாரும் பாத்துட்டு இருந்தாவ பாட்டா. படிக்கக் கொள்ளாதவ, லாயக்கில்லாதவன்னு வெட்டிருப்பாவன்னு நெனச்சேன்.”

ஊரெல்லாம் மொதலாளி என்கிறது, இவள் பாட்டா என்று என்னைத் தாத்தா ஆக்குகிறாள். அந்த எரிச்சல் வேறு. அதற்குள் கடை மேனேஜர் வந்தான்.

“சேல எடுக்க வந்தியளா, கத பேச வந்தியளா?”

“கடைய எடுக்க வந்தேன்வே. வெல சொல்லு.”

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவள் மட்டும் சிரிக்கவில்லை.

“திங்கக்கெழம போனா விளிப்பாவளா?”

“விளிப்பாவ.”

“விளிக்கல்லன்னா? இந்த வேலயும் போயிரும் பாட்டா.”

அது நியாயமான கேள்விதான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. நானே வந்து வாசலில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை போய் வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றேன். கடைசி பெஞ்சில் இருந்தாள். ஆசிரியை எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியாக அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் பதில் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. ஆசிரியை பதிவேட்டிலிருந்து நிமிராமல் இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, ஆப்சென்ட் போடப் பேனாவைத் திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“வந்திருக்கா டீச்சர், நல்லா பாருங்க,” என்றேன் ஜன்னல் வழியாக.

வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“ஏம் பாட்டா மானத்த வாங்குதிய? நீங்க ஒண்ணு போங்க,” என்றாள். பிறகு ஆசிரியை பக்கம் திரும்பி, அதே வேகத்தில், “பிரசன்ட் மேடம்.”

போனேன். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் குரலை முதல் நாளே எடுத்திருந்தால் எனக்கு இத்தனை அலைச்சல் உண்டா?