லினோவின் கொசுக்கள்

லினோ முராயாரிக்குக் காய்ச்சல் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். நனாய் ஆற்றில் இக்கீட்டோஸ் பட்டணம் வரை படகு ஓட்டுபவர் அவர். அவர் படுத்தால் படகும் படுத்துவிடும். போர்வைக்குள் சுருண்டு, "செத்தேன், செத்தேன்" என்று அவர் போடும் கூச்சல் அக்கரை வரை கேட்கும். சுகாதார நிலையத்து வெள்ளை மாத்திரை உள்ளே போய் நடுக்கம் அடங்கிவிட்டால் போதும், ஆள் எழுந்து மீசையை நீவிக்கொள்வார். "மலேரியாவா? நம்மகிட்டயா?"

வெள்ளை மாத்திரையோடு பழுப்பு மாத்திரையும் ஒரு வாரத்துக்குக் கொடுப்பார்கள். நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் சொல்வார்: "வெள்ளை, ரத்தத்துல இருக்கிற கிருமியக் கொல்லும். ஈரல்ல ஒளிஞ்சு தூங்குறது பழுப்புக்குத்தான் சாகும். விட்டீங்கன்னா அது திரும்ப எந்திரிச்சு வரும்."

லினோ பயபக்தியோடு தலையாட்டுவார். ஆனால் பழுப்பு மாத்திரை வயிற்றை எரித்தது. போதாக்குறைக்கு, அது முடியும்வரை மசாத்தோவைத் தொடக்கூடாதாம். மரவள்ளியில் புளித்த அந்தக் கள் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுவதா? லினோவின் உடம்பு அதற்கு ஒப்பவில்லை. அவர் வீடு, அங்குள்ள எல்லா வீடுகளையும் போல மரக்கால்கள் மேல் உயர்ந்து நிற்பது. தரைப்பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி. மனைவி கசில்டா அந்தப் பக்கம் திரும்பியதும், மாத்திரை அந்த வழியாகக் கீழே போகும். கீழே கோழிகள் காத்திருக்கும்.

இரண்டு மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்பும். "ஆத்துக் காத்து பொல்லாதது" என்பார் லினோ.

அந்த வருஷம் இக்கீட்டோஸிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். காய்ச்சல் இல்லாதவர்களின் ரத்தத்தைத்தான் கேட்டார்கள். அப்போது லினோ திடகாத்திரமாக இருந்தார். "நம்ம ரத்தம் தங்கம்மா, எடுத்துக்கங்க" என்று முதல் ஆளாகக் கையை நீட்டினார். பத்து நாள் கழித்து, யோவானா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் அவரைக் கூப்பிட்டனுப்பினாள். லினோ ஒரு தார் வாழைக்காயோடு போய் இறங்கினார்.

"உங்க ரத்தத்தக் கொசுவுக்குக் குடிக்கக் கொடுத்தோம், அண்ணே" என்றாள் யோவானா. ஒரு கண்ணாடிக் குழலின் அடியில் மெல்லிய தோலைக் கட்டி, ரத்தத்தை உடம்புச் சூட்டில் வைத்து, கூண்டுக் கொசுக்களைக் குடிக்க விடுவார்களாம். பிறகு கொசுவை அறுத்து அதன் வயிற்றைப் பார்ப்பார்களாம். "நீங்களே பாருங்க."

லினோ நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்தார். ஏதோ ஒரு பையின் மேல் குட்டிக் குட்டி உருண்டைகள் கொப்புளம் கொப்புளமாக ஒட்டியிருந்தன.

"இதெல்லாம் என்னம்மா?"

"மலேரியாக் கிருமி, வளர்ந்துட்டு இருக்கு. எல்லாம் உங்களோடதுதான்."

"என்னோடதா? எனக்குக் காய்ச்சலே இல்லையே!"

"காய்ச்சல் இல்லன்னா கிருமி இல்லன்னு ஆயிடுமா? உங்க ரத்தத்துல கொஞ்சமா இருக்கு, உங்கள ஒண்ணும் பண்ணல. ஆனா கொசுவுக்கு அது போதும். நிறைய பேர் ரத்தத்துல ஒரு கொசுவுக்குக்கூட ஒட்டல. உங்களோடதுல பாதிக் கொசுவுக்கு ஒட்டிருக்கு. ஊருக்குப் போனதும் மாத்திரைய ஆரம்பிங்க. ரெண்டையும், முழுசா."

அவள் சொன்னதில் லினோவின் காதில் விழுந்தது 'பாதிக் கொசு' என்பது மட்டுமே. படகில் ஏறிய ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். "இந்த ஆத்துலயே நம்ம ரத்தத்துக்குத்தான் வீரியம் ஜாஸ்தியாம். பட்டணத்துல படிச்சவங்க சொல்றாங்க." படித்துறையில் பையன்கள் அவரைக் 'கொசுக்களின் தகப்பனார்' என்று கூப்பிட்டார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சிரிப்பு நின்றது. கசில்டாவின் தங்கை ஒத்தீலியா ஊஞ்சல் படுக்கையில் உதறிக்கொண்டு கிடந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அக்கா வீட்டில் ஓய்வெடுக்க வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

லினோ வழக்கம்போல, "ஆத்துக் காத்து…" என்று ஆரம்பித்தார்.

"யோவ், வாய மூடு" என்றாள் கசில்டா. "ஊரெல்லாம் பீத்திக்கிட்டியாமே, உன் ரத்தத்தக் குடிச்ச கொசுவுக்கெல்லாம் கிருமின்னு? அங்க கூண்டுல இருக்கிறது மட்டுந்தான் கொசுவா? இந்த வீட்டுல உன்னக் கடிச்ச கொசு அடுத்து எங்க போய் உக்காரும்?"



அன்றே அவருக்கும் மாத்திரை வந்தது. மறுநாள் காலை, வீட்டின் அடியில் ஒரு கோழி எதையோ கவ்விக்கொண்டு ஓட, மற்றவை அதைத் துரத்துவதைக் கசில்டா பார்த்தாள். பிடித்து அலகைப் பிரித்தாள். பழுப்பு மாத்திரை. கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடியே வீட்டுக்கு மேலே ஏறினாள்.

"நம்ம கோழிக்கெல்லாம் மலேரியாவே வராதது ஏன்னு இப்பத்தான்யா புரியுது."

கத்துவாள் என்று லினோ எதிர்பார்த்தார். அவள் குரல் தணிந்துதான் வந்தது. "வயித்துல புள்ள இருக்கிறதால ஒத்தீலியாவுக்குப் பழுப்பு மாத்திரை கொடுக்கக்கூடாதாம். நர்ஸம்மா இப்பத்தான் சொல்லிட்டுப் போறாங்க. வெள்ளையக் கொடுத்து, திரும்ப வந்தா திரும்பவும் வெள்ளையே கொடுத்து, அவ பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டணும். அவ கெஞ்சினாலும் கிடைக்காதத நீ கோழிக்குப் போடுற."

 லினோ தானாகவே சுகாதார நிலையத்துக்கு நடந்து, "இங்கயே உங்க முன்னாலயே முழுங்குறேன்" என்றார். நர்ஸம்மா வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தின் உள்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். தினமும் அப்படித்தான்.

அந்த வாரத்தில் சான் ஹுவான் திருவிழா வந்து தொலைத்தது. ஊரே மசாத்தோவில் மிதந்தது. இலையில் பொதிந்த சோற்றை மட்டும் தின்றுவிட்டு, எரியும் வயிற்றைப் பிடித்தபடி லினோ மூலையில் உட்கார்ந்திருந்தார். நிதானத்தில் இருந்த ஒரே ஆண்பிள்ளை என்பதால், ஆடிக் களைத்தவர்களை எல்லாம் அக்கரையில் கொண்டுபோய் விடும் வேலை அவர் தலையில் விழுந்தது. அவர்களில் இரண்டு பேர் அவர் சட்டையிலேயே வாந்தி எடுத்தார்கள்.

அடுத்த மாதம் யோவானா மறுபடி ரத்தம் எடுத்தாள். பிறகு சொல்லியனுப்பினாள்: ஒரு கொசுவுக்கும் ஒட்டவில்லை.

"ஒண்ணுகூடவா?" என்று லினோ கேட்டபோது அவர் முகம் லேசாக வாடியதாகக் கசில்டா எல்லோரிடமும் சொல்கிறாள். அவர் மறுக்கிறார்.

பிரசவத்துக்கு முன் ஒத்தீலியாவுக்குக் காய்ச்சல் ஒருமுறை திரும்பியது. கொட்டும் மழையில், பயணிகளை இறக்கிவிட்டு, லினோ அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு இக்கீட்டோஸ் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழியெல்லாம் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அது அவளைக் காய்ச்சலைவிட அதிகமாகப் பயமுறுத்தியதாம். குழந்தை சிறியதாகத்தான் பிறந்தது. தொண்டை மட்டும் பெரியது.

பால் குடிக்கும் குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தபடி, மகள் தவழ ஆரம்பித்த பிறகு ஒத்தீலியாவும் பழுப்பு மாத்திரையைத் தொடங்கினாள். வேளை தவறாமல் தண்ணீர்க் குவளையோடு எதிரே வந்து நின்றார் லினோ.

"முழுங்கிட்டேன் அத்தான். போய்ப் படகப் பாருங்க, சனங்க காத்துக்கிட்டு நிக்குது."

"நிக்கட்டும்" என்றார் லினோ. "இன்னொரு வாய் தண்ணி குடி."