அணையும் வரை முறைத்தவள்

எங்கள் பரிசோதனைக் கூடத்தின் கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் அந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றிய செல்கள் பச்சையாக ஒளிரும். புற்று என்றால் உட்கரு வீங்கி, கோணல்மாணலாகக் கிடக்கும். அந்த ஒளி பார்க்கப் பார்க்க மங்கிவிடும் சனியன். சட்டென்று படம் எடுத்து, மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்தை மூடிவிட வேண்டும். புதுச்சேரிக்கு அந்த மைக்ராஸ்கோப் வந்த புதிதில் நான் யாரையும் பக்கத்தில் அண்டவிட்டதில்லை.

என் அக்காவைத் தவிர. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். வயிற்றில் கோத்த நீரை ஊசியால் எடுத்து எங்களிடம்தான் அனுப்பினார்கள். முதலில் பார்த்தவள் நான். டாக்டரும் பார்த்து, புற்றுநோய்தான் என்று எழுதிவிட்டுப் போனார். அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"எனக்குக் காட்டு. எது என்னைத் தின்னுதுன்னு நான் பாக்க வேணாமா?"

அவளிடம் யார் வாய் கொடுப்பது? கூட்டிப் போனேன்.

"அடியாத்தே, எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள். அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"அணைஞ்சுபோச்சுடி. நான் மொறச்ச மொறப்புல அணைஞ்சுபோச்சு!"

"சாயம்தான் மங்குது அக்கா. வியாதி அப்படியே இருக்கு. நாளைக்கே கீமோ ஊசிக்குச் சேந்துடு."

"சேர்றேன். ஆனா இதையும் எனக்குக் காட்டணும்."

சொன்னபடியே ஊசிக்கு வந்தாள். ஒவ்வொரு முறையும் முதலில் இந்த அறைக்கு. கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினால் பக்கத்துச் செல்கள் பச்சையாக எரியும். அவற்றையும் முறைப்பாள். முடி கொட்டிய தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி முறைப்பாள். அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்குப் பயமாக இருக்கும்.

ஆடி மாதம் வீராம்பட்டினத்தில் தேர் ஓடிய அன்று அவள் வார்டில் கிடந்தாள். எழுந்து உட்கார முடியவில்லை.

"இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்கு?"

"கொஞ்சம்தான் அக்கா."

"அத நீ மொறச்சிடு."

மறுநாள் போய்விட்டாள்.

கெட்ட செல் தென்பட்டால் இப்போதும் படம் எடுத்ததும் நான் மூடுவதில்லை. சாயம் வீணாகிறது என்று கூட வேலை செய்பவர்கள் திட்டுவார்கள். அது யாருடைய செல் என்றுகூட எனக்குத் தெரியாது. இருட்டில் யாரோ என் தோளைப் பிடித்திருப்பது போலவே இருக்கும். அது அணையும் வரை முறைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.