நகத்தில் இல்லாதது

குளித்துவிட்டு வந்தால் உடம்பு அரிக்கும். எனக்கு முதல் அறிகுறி அதுதான். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, தோலில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஈரத்துணியோடு சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கால் மணி நேரம் நிற்பேன். எருமை மரத்தில் உரசுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். சோப்பை மாற்றினேன். போர் தண்ணீரைத் திட்டினேன். வீட்டில் நான் ஒருத்தி மட்டும் என்பதால் முதுகைச் சொறிந்துவிடக்கூட ஆளில்லை. என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

பிறகு தலைபாரமும் அசதியும் வந்தன. உள்ளங்கை சிவந்தது, முகமும் சிவந்தது. மகள் கௌசல்யாவை பாகூரில் கட்டிக்கொடுத்த புதிது. பொறுப்பு முடிந்த பிறகு முகத்தில் களை வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் நம்பினேன். சிவந்த முகம் நோயாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நான் செய்த தப்பை இங்கே சொல்ல வேண்டும். நான் பண்டசோழநல்லூரில் அங்கன்வாடி ஊழியர். இருபத்திரண்டு வருடமாகப் பெண்களின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "இரத்தமே இல்லியேடி உனக்கு" என்று அதட்டி, இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் திணிப்பவள். பெண்களுக்கு அசதி என்றால் இரத்தம் குறைவு. எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். அதையே எனக்கும் செய்துகொண்டேன். கண்ணாடி முன் நின்று இமையை இழுத்துப் பார்த்தேன், செக்கச் சிவந்திருந்தது. பார்த்துவிட்டும் மாத்திரை போட்டேன். முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட் என்று ஏழெட்டு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன். அசதி கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் சுகாதார நிலையத்தில் இரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் பத்தொன்பது. கர்ப்பிணிகளுக்குப் பதினொன்று வந்தாலே நான் கைதட்டுவேன். பரிசோதனைக்கூடத் தம்பி மெஷின்மேல் சந்தேகப்பட்டு மறுபடியும் ஊசி போட்டு எடுத்தான். அதே பத்தொன்பது.

"இன்னா டீச்சர், ரெண்டு பேரு ரத்தம் உங்க ஒருத்தர் உடம்புல கீது?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அங்கிருந்த மருத்துவர் மட்டும் சிரிக்காமல் புதுச்சேரிக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார்.

வில்லியனூர் போய் வேறு பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். இரத்தநோய்ப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். என்னைவிட வயதில் சின்னவர், நிதானமாகப் பேசினார். நோயின் பெயர் பாலிசைத்தீமியா வேரா (எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களை உண்டாக்கும் நோய், மெதுவாகப் போகும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்). நான் சாப்பிட்ட இரும்பு மாத்திரைகளைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எரியற அடுப்புல விறகு வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

நோயை உறுதி செய்ய மூலக்கூறுப் பரிசோதனை (இரத்த அணுக்களின் மரபணுவில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று தேடுவது) செய்தார்கள். இரண்டு மாற்றங்கள் கிடைத்தன. ஒன்று ஜாக்-2 என்ற மரபணுவில் (அணுக்கள் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வது). இந்த நோய்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்குமாம். இரண்டாவது மாற்றம்தான் மருத்துவரை யோசிக்க வைத்தது. அது சில குடும்பங்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடியது என்றார்.

"உங்க வீட்ல யாருக்காவது இந்த மாதிரி இருந்துதா?"

என் அப்பாவுக்கு எப்போதும் சிவந்த முகம். ஐம்பத்திரண்டு வயதில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. அதைச் சொன்னேன். சொல்லும்போதே கௌசல்யா ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வழி உண்டு என்றார் மருத்துவர். பிறக்கும்போதே வந்திருந்தால் உடம்பின் எல்லாப் பாகத்திலும் இருக்கும். பிறகு மஜ்ஜையில் உண்டாகியிருந்தால் இரத்தத்தில் மட்டும் இருக்கும். அதனால் இரத்தத்தோடு சம்பந்தம் இல்லாத ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

"பத்து விரல் நகத்தையும் வெட்டிக் குடுங்க, போதும்" என்றார்.

ஒரு சின்ன காகித உறையில் என் நகங்களைப் போட்டுக் கொடுத்தேன். முடிவு வரப் பல வாரம் ஆகலாம் என்றார்கள்.

அடுத்த தப்பு. மகளுக்கு வளைகாப்பு வந்தது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் வழக்கம். அதற்காகவே அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு வைத்திருந்தேன். பாகூருக்குப் போவதற்கு முந்தின நாள் சம்பந்தியம்மாவுக்கு போன் செய்து உள்ளது உள்ளபடி சொன்னேன். ஊருக்கெல்லாம் நோயை மறைக்காதே என்று பாடம் எடுப்பவள், நானே மறைக்கலாமா என்று ஒரு வீம்பு. "இரத்தம் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்று சொல்லியிருந்தாலும் பொய்யில்லை. நான் புற்றுநோய் என்றேன். பரம்பரையா என்று பார்க்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. ஐந்து வகைச் சாதம் செய்துகொண்டு போயிருந்தேன். கைம்பெண் என்பதால் வளையல் போடும் வரிசையில் நிற்கவில்லை, பின்னால் இருந்து பார்த்தேன். கிளம்பும் நேரம் சம்பந்தியம்மா என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. நீங்களே ஊசிக்கும் மாத்திரைக்கும் அலையறீங்க. அந்த ரிப்போர்ட்டு வரட்டும். அப்புறமா இட்டுக்கினு போங்க."

"இது தொத்தற நோய் இல்லம்மா."

"எனுக்குத் தெரியாதா? ஆனா மனசு கேக்கல."

அவர் கெட்டவர் இல்லை. என் மகளை நன்றாக வைத்திருப்பவர். அதனால்தான் சண்டை போட முடியவில்லை. கௌசல்யா வாசல்வரை வந்தாள். கை நிறைய வளையல். "நான் பேசிப் பாக்கறேம்மா" என்றாள். சரி என்றேன். காலிச் சாதப் பாத்திரங்களோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி. இரத்ததானம் செய்வதுபோலவே கையில் ஊசி ஏற்றி ஒரு பை இரத்தத்தை எடுப்பார்கள் (இரத்தம் கெட்டியாகிக் குழாயை அடைக்காமல் இருக்க). அதை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், கொட்டிவிடுவார்கள். இத்தனை பெண்களுக்கு இரத்தம் ஊற வேண்டுமென்று மன்றாடியவளின் இரத்தம் குப்பைக்குப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதல் தடவை அழுதேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் ஊசி வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இரத்தம் எடுக்கும் நாளில் துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது. நான் மயங்கி வில்லியனூர் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டதால் சொல்கிறேன். வெந்நீரில் குளிக்காதீர்கள், ஈரத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். என்னைப்போல உங்கள் அசதிக்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள்.

ரிப்போர்ட் வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சம்பந்தியம்மா தடுக்கவில்லை, அவரே குழந்தையைத் துணியோடு என் பக்கம் நீட்டினார். நான்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தொத்தாது என்று அவரிடம் வாதாடியவள் நான். ஆனால் என் உள்ளங்கைச் சிவப்பைப் பார்த்ததும் கை முன்னால் வரவில்லை. "வேணாம், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கௌசல்யாவின் முகம் வாடியதைப் பார்த்தேன்.

ஒன்பது நாள் கழித்து மருத்துவர் அழைத்தார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இரத்தத்துல ரெண்டு மாற்றமும் இருக்கு. நகத்துல ரெண்டுமே இல்ல. உங்க அப்பாகிட்டேயிருந்து வரல. உங்க பொண்ணுக்குப் போகல. உங்க மஜ்ஜையில ஏதோ ஒரே ஒரு அணுவுல ஆரம்பிச்சது."

"எப்ப ஆரம்பிச்சது டாக்டர்?"

"உங்களுக்கு எப்பன்னு இந்த டெஸ்ட் சொல்லாது. ஆனா இந்த நோய் உள்ள சிலருக்கு முதல் மாற்றம் சின்ன வயசுலேயே வந்திருக்குன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. கருவுல இருக்கும்போதேகூட வந்திருக்கலாம். அப்புறம் பல வருஷம் சத்தமில்லாம பெருகும்."

காரணம் என்ன என்று கேட்டேன். கரும்புத் தோட்டத்து மருந்தா, தண்ணீரா, சாப்பாடா? தெரியாது என்றார். யாருடைய குற்றமும் இல்லை என்றார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். மகளுக்கு இல்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். போன் செய்து சொன்னேன். அவள் அழுதாள், பின்னால் சம்பந்தியம்மா "மாரியாத்தா" என்பது கேட்டது. போனை வைத்த பிறகு இன்னொரு எண்ணம் வந்தது. அது அப்பாவிடமிருந்து வந்திருந்தால் அவர் விட்டுப்போன ஒன்றாவது என்னிடம் இருந்திருக்கும். அதுவும் இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோதும், கல்யாணத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோதும், கௌசல்யாவைச் சுமந்தபோதும் அந்த அணு எனக்குள் தன்பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்திருக்கலாம். அப்படியென்றால் என் கணவரோடு வாழ்ந்ததைவிட அதிக காலம் அதனோடு வாழ்ந்திருக்கிறேன். யாரும் தந்ததில்லை, யாருக்கும் தரவும் முடியாது. அன்றைக்கு இருந்த தனிமையை வேறு எப்போதும் நான் அனுபவித்ததில்லை.

இப்போது ஆஸ்பிரினும் அணுக்களை அடக்கும் ஒரு மாத்திரையும் போடுகிறேன். அரிப்பு குறைந்திருக்கிறது. இரத்தம் எடுக்கும் இடைவெளி நீண்டிருக்கிறது. இது தீரும் நோயில்லை, கூடவே வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நோய். வேலைக்குப் போகிறேன். இமையை இழுத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை, ஆனால் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் யாரையும் அதட்டுவதில்லை.

பிரசவமான மூன்றாம் மாதம் கௌசல்யா குழந்தையோடு வந்தாள். சுண்ணாம்பு அடித்த அறையில், புது மெத்தையில் படுக்கவைத்தாள். குழந்தையின் கன்னத்தில் கீறல்கள் இருந்தன.

"தானே பிராண்டிக்குதும்மா. நகம் வெட்ட எனுக்குப் பயமா கீது. நீ வெட்டுமா."

"நானா?"

"நீதான். ஊர்ல எல்லா புள்ளைக்கும் வெட்டற இல்ல?"

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கையை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். என் பேத்தியை நான் தொட்டது அதுதான் முதல் முறை. ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினேன். மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் பத்துத் துணுக்குகள், அரிசி நொய் அளவுகூட இல்லை. உதறிக் கொட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நோய் இதில் இல்லை.

"இன்னாம்மா அப்டி பாக்கற?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. வர வாரம் மறுபடியும் வெட்டணும். கொழந்தைக்கு சீக்கிரம் வளரும்" என்றேன்.

"அதுக்கு இன்னா, அதுவரிக்கும் இங்கியே இருந்து வெட்டிக்கினே போறோம்" என்றாள்.